இம்போர்ட் செய்தது ஒன்று, வந்தது வேறொன்று!

கம்ப்யூட்டர் வாங்கிய சில நாட்களிலேயே பல வீடுகளில் பைத்தான் வந்து உட்கார்ந்து விடுகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் பைத்தான் உண்டு. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கும் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை; டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்தால் போதும். பிள்ளைகளுக்காக இன்ஸ்டால் செய்து கொடுத்துவிட்டு, "நாமும்தான் கற்றுக் கொள்வோமே" என்று இறங்கும் பெற்றோர்களும் இருக்கிறார்கள்.

இப்படித் தொடங்குபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு விநோதமான சிக்கலைச் சந்திக்கிறார்கள். நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்று ஓடாது. புத்தகத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் டைப் செய்தாலும் எரர் வரும். பைத்தானை நீக்கிவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்தாலும் அதே எரர். "வைரஸ் புகுந்து விட்டதோ?" என்ற பயம் வந்து, கம்ப்யூட்டரை பார்மெட் செய்யும் வரை சிலர் போய்விடுகிறார்கள். அதில் குடும்பத்தின் போட்டோக்களும் போய்விட்டால் நஷ்டம் பெரிது.

உண்மையில் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இருக்காது. நீங்கள் சேமித்த ஒரு பைலின் பெயர்தான் காரணமாக இருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு சிறு குறிப்பு: இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். இம்போர்ட், பிரிண்ட், டர்ட்டில் போன்றவற்றை நீங்கள் ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். கடை, விலை போன்று நாமே வைக்கும் பெயர்களை மட்டும் தமிழிலேயே டைப் செய்யலாம். பைத்தான் 3 அவற்றை ஏற்றுக் கொள்ளும். பைல் பெயரின் கடைசியில் .பிஒய் என்று வருவது பி, ஒய் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்.

மாட்யூல் என்றால் என்ன?

ஒரு வேலைக்குத் தேவையான கட்டளைகளைத் தொகுத்து வைத்திருக்கும் பைலுக்கு மாட்யூல் என்று பெயர். குலுக்கல் எண் வேண்டுமா? ரேண்டம் என்ற மாட்யூல் இருக்கிறது. திரையில் கோடு போட வேண்டுமா? டர்ட்டில் இருக்கிறது. மாதக் காலண்டர் அச்சிட வேண்டுமா? காலண்டர் என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. பைத்தானை இன்ஸ்டால் செய்யும்போதே இவையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் வந்து விடுகின்றன. இந்தத் தொகுப்புக்கு ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று பெயர்.

உங்கள் புரோகிராமில் இவற்றைப் பயன்படுத்த வேண்டுமானால் இம்போர்ட் என்ற கட்டளை கொடுக்க வேண்டும். உதாரணமாக:

இம்போர்ட் டர்ட்டில்
டர்ட்டில்.பார்வர்டு(100)

முதல் வரி மாட்யூலை வரவழைக்கிறது. இரண்டாவது வரி திரையில் 100 புள்ளி நீளத்துக்கு ஒரு கோடு போடச் சொல்கிறது. மிக எளிமையான புரோகிராம். பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இதை என்ன பெயரில் சேமிப்பீர்கள்? டர்ட்டில் பற்றிய புரோகிராம் என்பதால் டர்ட்டில்.பிஒய் என்று வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பைத்தான் எங்கே தேடுகிறது?

"இம்போர்ட் டர்ட்டில்" என்று சொன்னதும் பைத்தான் ஒரு வரிசைப்படி தேடுகிறது. அந்த வரிசை இதுதான்:

1. இந்த மாட்யூல் ஏற்கனவே மெமரிக்கு வந்து விட்டதா என்று தன் பதிவேட்டில் பார்க்கும். வந்திருந்தால் அதையே எடுத்துக் கொடுத்து விடும்.

2. பைத்தானுக்கு உள்ளேயே கட்டப்பட்ட மாட்யூலா என்று பார்க்கும். சிஸ், டைம் போன்றவை இந்த வகை.

3. நீங்கள் ஓட்டுகிற புரோகிராம் எந்த போல்டரில் இருக்கிறதோ, அந்த போல்டரில் தேடும்.

4. அதற்குப் பிறகுதான் ஸ்டாண்டர்டு லைப்ரரி இருக்கும் போல்டருக்குப் போகும்.

5. கடைசியாக, நீங்கள் இன்டர்நெட்டிலிருந்து தனியாக இன்ஸ்டால் செய்த மாட்யூல்கள் இருக்கும் போல்டரைப் பார்க்கும்.

தேடும் பெயரில் ஒரு பைல் கிடைத்ததும் தேடல் நின்று விடும். "இது பைத்தானோடு வந்த டர்ட்டிலா, வீட்டுப் பிள்ளை எழுதிய டர்ட்டிலா?" என்றெல்லாம் அது ஆராயாது.

மூன்றாவது படியும் நான்காவது படியும் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதை மறுபடியும் பாருங்கள். உங்கள் போல்டர் முந்திக் கொள்கிறது. அங்கே டர்ட்டில்.பிஒய் என்று நீங்கள் சேமித்த பைல் இருப்பதால் பைத்தான் அதையே எடுத்துக் கொள்கிறது. நிஜ டர்ட்டில் பக்கமே அது போவதில்லை.

பைத்தானை நீக்கிவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்தும் ஏன் சரியாகவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். பைத்தானை நீக்கினால் பைத்தானின் பைல்கள்தான் போகும். டாக்குமெண்ட்ஸ் போல்டரில் நீங்கள் சேமித்த டர்ட்டில்.பிஒய் அங்கேயே பத்திரமாக இருக்கும்.

தன்னையே அழைக்கும் பைல்

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டர்ட்டில்.பிஒய் பைலின் முதல் வரியாக இதைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்:

பிரிண்ட்("வணக்கம்")

நீங்கள் ஒரு முறைதான் ஓட்டினீர்கள். ஆனால் "வணக்கம்" இரண்டு முறை வரும். அதன் பிறகு எரர் வரும். ஏன்?

நீங்கள் நேரடியாக ஓட்டும் பைலுக்குப் பைத்தான் __மெயின்__ என்று ஒரு தனிப் பெயர் வைத்துப் பதிவேட்டில் எழுதிக் கொள்கிறது. டர்ட்டில் என்ற பெயரில் எழுதுவதில்லை. அடுத்து "இம்போர்ட் டர்ட்டில்" வருகிறது. பதிவேட்டில் டர்ட்டில் இல்லை. போல்டரில் தேடுகிறது. அதே பைல் கிடைக்கிறது. "புது மாட்யூல்" என்று நினைத்து, அதே பைலை மறுபடியும் முதல் வரியிலிருந்து ஓட்டத் தொடங்குகிறது. இரண்டாவது "வணக்கம்" இப்படி வருவதுதான்.

இந்த இரண்டாவது ஓட்டத்திலும் "இம்போர்ட் டர்ட்டில்" வருகிறது. இப்போது பதிவேட்டில் டர்ட்டில் இருக்கிறது. ஆனால் பாதிதான் தயாராகியிருக்கிறது. அந்தப் பாதியைப் பைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. அடுத்த வரியில் பார்வர்டு என்ற கட்டளையைக் கேட்டால், அது எங்கே இருக்கும்? நீங்கள் எழுதிய இரண்டு வரி பைலில் பார்வர்டு கிடையாதே! அதனால்தான் "பாதி தயாரான டர்ட்டில் மாட்யூலில் பார்வர்டு என்று ஒன்று இல்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எரர் வருகிறது. மாட்யூல்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி அழைப்பதால் இருக்கலாம் என்று ஒரு யோசனையும் கூடவே வரும். புதிதாகப் படிப்பவருக்கு அது எப்படிப் புரியும்?

இந்தக் குழப்பத்தைக் குறைப்பதற்காக, 2024 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.13 பதிப்பில் எரர் செய்தியைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். "இந்த பைலுக்கு ஸ்டாண்டர்டு லைப்ரரி மாட்யூலின் பெயரே இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள்" என்று பைலின் முழு விலாசத்தோடு அது சொல்கிறது. உங்களிடம் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

தொடாத பைலும் தொல்லை தரும்

மேலே பார்த்தது நேரடியான சிக்கல். இதைவிடக் குழப்பமானது மறைமுகச் சிக்கல்.

ஒரு மாணவர் ஈமெயில் முகவரியை வாங்கி, அதில் @ குறி இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன புரோகிராம் எழுதுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஈமெயில்.பிஒய் என்று சேமிக்கிறார். அது ஒழுங்காக ஓடுகிறது. வேலை முடிந்தது. ஒரு வாரம் கழித்து அதே போல்டரில், ஒரு வெப் பக்கத்தை டவுன்லோடு செய்யும் புரோகிராம் எழுதுகிறார். அதற்கு யூஆர்எல்லிப்.ரெக்வெஸ்ட் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்கிறார். ஓட்டினால் "உங்கள் ஈமெயில் முகவரி என்ன?" என்று போன வார புரோகிராமின் கேள்வி திரையில் வந்து நிற்கிறது! பதில் சொன்னால், "ஈமெயில்.பார்சர் என்ற மாட்யூல் இல்லை" என்று எரர்.

புது புரோகிராமில் ஈமெயில் என்ற சொல்லே இல்லை. பிறகு எப்படி? யூஆர்எல்லிப் தன் வேலைக்காக வேறு மாட்யூல்களை அழைக்கிறது. அவற்றில் பைத்தானோடு வரும் ஈமெயில் மாட்யூலும் ஒன்று. அந்தத் தேடலும் இதே வரிசையில்தான் நடக்கிறது. உங்கள் போல்டர் முந்திக் கொள்வதால், போன வாரத்து ஈமெயில்.பிஒய் சிக்கிக் கொள்கிறது.

பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரே இப்படி மாட்டிக் கொள்வதுண்டு. ஐடிலும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். அதற்கும் ரேண்டம், டிகேஇன்டர் போன்ற மாட்யூல்கள் தேவை. நீங்கள் ஓட்டப் போகும் பைல் இருக்கும் போல்டரில் அந்தப் பெயர்களில் நீங்கள் எழுதிய பைல்கள் இருந்தால் ஐடில் சரியாக இயங்காமல் போகலாம். ஐடிலின் ஹெல்ப் பகுதியிலேயே இதைக் குறிப்பிட்டு, பைலின் பெயரை மாற்றுவதுதான் வழி என்று எழுதியிருக்கிறார்கள்.

சில பெயர்கள் மட்டும் தப்பிப்பது ஏன்?

இதைப் படித்துவிட்டுச் சோதனை செய்து பார்ப்பவர்கள் டைம்.பிஒய் என்று ஒரு பைல் வைத்துப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். "இம்போர்ட் டைம்" என்றால் நிஜமான டைம் மாட்யூல்தான் வரும். காரணம், இரண்டாவது படி. டைம் மாட்யூல் பைத்தானுக்கு உள்ளேயே இருப்பதால் போல்டர் வரை தேடல் போவதில்லை. இங்கே தலைகீழான சிக்கல்: நீங்கள் எழுதிய டைம்.பிஒய் பைலை எத்தனை முறை இம்போர்ட் செய்தாலும் அது வரவே வராது.

ஏன் இப்படி வைத்தார்கள்?

"பைத்தானின் சொந்த மாட்யூல்களை முதலில் தேடும்படி வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இந்த ஏற்பாட்டிலும் ஒரு வசதி இருக்கிறது.

புரோகிராம் பெரிதாகும்போது அதை நான்கைந்து பைல்களாகப் பிரித்து ஒரே போல்டரில் போட்டு வைப்போம். எந்த செட்டிங்கும் செய்யாமல் அவை ஒன்றையொன்று இம்போர்ட் செய்து கொள்ள முடிகிறது. மேலும், ஸ்டாண்டர்டு லைப்ரரி வளர்ந்து கொண்டே போகிறது. 2014-இல் வந்த பைத்தான் 3.4 பதிப்பில் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற மாட்யூல் புதிதாகச் சேர்ந்தது. 2016-இல் வந்த 3.6 பதிப்பில் சீக்ரெட்ஸ் சேர்ந்தது. அதற்கு முன்பே ஸ்டாடிஸ்டிக்ஸ்.பிஒய் என்ற பெயரில் ஒருவர் தன் சொந்தக் கணக்குகளை எழுதி வைத்திருந்தால்? பைத்தானின் மாட்யூல் முந்திக் கொண்டால், புதுப் பதிப்பை இன்ஸ்டால் செய்த அன்றே அவருடைய பழைய புரோகிராம் நின்று விடும். சொந்த போல்டருக்கு முதலிடம் தருவதால் அது தொடர்ந்து ஓடுகிறது.

இம்போர்ட் என்றால் ஓட்டுவது

இம்போர்ட் பற்றிப் பலரும் தெரிந்து கொள்ளாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்தால் அந்த பைலில் உள்ள வரிகள் எல்லாம் மேலிருந்து கீழே ஓடும். ஈமெயில் முகவரி கேட்ட கேள்வி தானாகத் திரையில் வந்தது இதனால்தான்.

பைத்தானைத் திறந்து >>> என்ற குறிக்கு எதிரே இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

இம்போர்ட் திஸ்

திரையில் ஒரு பக்கத்துக்கு ஆங்கில வாசகங்கள் வரும். நல்ல புரோகிராம் எப்படி இருக்க வேண்டும் என்று டிம் பீட்டர்ஸ் என்பவர் எழுதிய வாசகங்கள் அவை. நீங்கள் பிரிண்ட் என்று சொல்லவே இல்லை; இம்போர்ட் மட்டும்தான் செய்தீர்கள். அதேபோல "இம்போர்ட் ஆன்டிகிராவிட்டி" என்று கொடுத்துப் பாருங்கள். பிரவுசர் தானாகத் திறந்து ஒரு கார்ட்டூன் பக்கத்துக்குப் போகும். பைத்தானை உருவாக்குபவர்கள் வேடிக்கைக்காகச் சேர்த்து வைத்தவை இவை.

இப்போது "இம்போர்ட் திஸ்" என்று இரண்டாவது முறை கொடுங்கள். ஒன்றும் வராது! எரர் கூட வராது. முதல் படியை நினைத்துப் பாருங்கள். மாட்யூல் ஏற்கனவே பதிவேட்டில் இருப்பதால் பைத்தான் அதை மறுபடியும் ஓட்டுவதில்லை.

இது நமக்கு எங்கே இடைஞ்சல் தரும்? கடை.பிஒய் என்று ஒரு பைல் எழுதி, >>> குறியில் இம்போர்ட் செய்து சோதிக்கிறீர்கள். ஒரு பிழை தெரிகிறது. எடிட்டரில் திருத்தி, சேமித்து, மறுபடியும் "இம்போர்ட் கடை" என்கிறீர்கள். பழைய பிழையே வரும். எத்தனை முறை திருத்தினாலும் வரும். பைத்தானை மூடிவிட்டுத் திறந்தால் சரியாகி விடும். ஐடிலில் எப்5 கீயைத் தட்டி பைலை ஓட்டினால், அது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. மூடாமலே புதுப்பிக்க, இம்போர்ட்லிப் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து "இம்போர்ட்லிப்.ரீலோடு(கடை)" என்று கொடுக்கலாம்.

நீங்கள் எழுதும் பைல் நேரடியாக ஓட்டும்போது மட்டும் கேள்வி கேட்க வேண்டும், இம்போர்ட் ஆகும்போது கேட்கக் கூடாது என்றால், கேள்வி கேட்கும் வரிகளை இந்த வரிக்குக் கீழே சற்றுத் தள்ளி எழுதுங்கள்:

இஃப் __நேம்__ == "__மெயின்__":

நேம், மெயின் இரண்டுக்கும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் வரும். நேரடியாக ஓட்டும் பைலுக்கு __மெயின்__ என்று பெயர் வைக்கப்படுவதை முன்பே பார்த்தோம் அல்லவா? அந்தப் பெயரைத்தான் இந்த வரி சோதிக்கிறது.

விலை ஏறியது, பில்லில் ஏறவில்லை!

இன்னும் ஒன்று. கடை.பிஒய் பைலில் இப்படி இருக்கிறது:

விலை = 20
டெஃப் உயர்த்து():
    குளோபல் விலை
    விலை = 25

இதை வேறு பைலிலிருந்து இரண்டு விதமாக அழைக்கலாம். முதல் விதம்:

இம்போர்ட் கடை
கடை.உயர்த்து()
பிரிண்ட்(கடை.விலை)

விடை 25. இரண்டாவது விதம்:

ஃப்ரம் கடை இம்போர்ட் விலை, உயர்த்து
உயர்த்து()
பிரிண்ட்(விலை)

விடை 20! உயர்த்து வேலை செய்யவில்லையா? செய்தது. கடைக்குள் இருக்கும் விலை 25 ஆகிவிட்டது. ஆனால் "ஃப்ரம்" என்று எழுதும்போது, அந்த நேரத்தில் இருந்த மதிப்புக்கு உங்கள் பைலில் தனியாக ஒரு பெயர் ஒட்டப்படுகிறது. கடையின் விலைப்பலகையை காலையில் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வருவது போல. மாலையில் பலகையை மாற்றினாலும் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சீட்டு மாறாது. மாறக் கூடிய மதிப்பு என்றால் "கடை.விலை" என்று முழுப் பெயரோடு எழுதுவதே நல்லது.

பாதுகாப்பு: டவுன்லோட்ஸ் போல்டரில் ஜாக்கிரதை

இதுவரை பார்த்தவை நேரத்தை வீணாக்கும் சிக்கல்கள். இது ஆபத்தானது.

இம்போர்ட் என்றால் அந்த பைல் ஓடும். உங்கள் போல்டரில் இருப்பதுதான் முதலில் வரும். இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். டவுன்லோட்ஸ் போல்டரில் எங்கிருந்தோ வந்த பைல்கள் குவிந்து கிடக்கும். அவற்றில் ரேண்டம்.பிஒய் என்ற பெயரில் யாரோ விஷமத்தனமாக எழுதிய ஒரு பைலும் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை நீங்கள் திறக்கவே இல்லை. ஆனால் அதே போல்டரில் இருக்கும் வேறொரு நல்ல புரோகிராமை ஓட்டுகிறீர்கள். அது ரேண்டமை இம்போர்ட் செய்கிறது. அந்த நொடியே விஷம பைல் ஓடி விடும். நீங்கள் எந்த பைல்களைப் படிக்கவும் அழிக்கவும் முடியுமோ, அவற்றையெல்லாம் அதுவும் படிக்கும், அழிக்கும்.

எனவே பைத்தானுக்கு என்று டாக்குமெண்ட்ஸ் உள்ளே தனி போல்டர் வைத்துக் கொள்ளுங்கள். டவுன்லோட்ஸ் போல்டரிலிருந்தே எதையும் ஓட்டாதீர்கள். 2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11 முதல் ஒரு பாதுகாப்பு வசதியும் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, -பி என்று பெரிய எழுத்தில் கொடுத்து, பிறகு பைல் பெயரைக் கொடுத்தால், புரோகிராம் இருக்கும் போல்டரைத் தேடல் வரிசையில் தானாகச் சேர்க்காது. நீங்கள் எழுதிய துணை பைல்களும் அப்போது கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்டர்நெட்டிலிருந்து இன்ஸ்டால் செய்யும் மாட்யூல்களிலும் பெயர்தான் வலை. பைபிஐ என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதியதை ஏற்றி வைக்கலாம். அங்கே ஜெல்லிபிஷ் என்ற நல்ல தொகுப்பு ஒன்று இருக்கிறது. சொற்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது. 2018 டிசம்பரில் அதன் பெயரிலேயே ஒரு போலியை ஏற்றினார்கள். ஆங்கிலப் பெயரில் வரும் முதல் சிறிய எல் எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ஐ எழுத்தைப் போட்டிருந்தார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால் வித்தியாசமே தெரியாது. வேறு கம்ப்யூட்டர்களுக்குள் நுழையப் பயன்படும் ரகசியச் சாவி பைல்களைத் திருடி அனுப்புவது அதன் வேலை. ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே இருந்து, 2019 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து இன்ஸ்டால் செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எரர் வந்தால் என்ன செய்வது?

பார்மெட் செய்யும் முன், பைத்தானை நீக்கும் முன், கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

1. எந்த மாட்யூலில் எரர் என்று பார்த்து, பைத்தான் எந்த பைலை எடுத்திருக்கிறது என்று அதையே கேளுங்கள். உதாரணமாக, உங்கள் புரோகிராமில் இம்போர்ட் வரிக்கு அடுத்த வரியாக "பிரிண்ட்(ரேண்டம்.__பைல்__)" என்று சேர்த்து ஓட்டுங்கள். பைத்தான் இன்ஸ்டால் ஆன இடத்தில் லிப் என்ற போல்டருக்குள் இருப்பதாகக் காட்டினால் சரி. உங்கள் சொந்த போல்டரைக் காட்டினால் காரணம் கிடைத்து விட்டது.

2. பைல் எக்ஸ்புளோரரில் அந்த போல்டருக்குச் சென்று, பைலைத் தேர்வு செய்து, எப்2 கீயைத் தட்டிப் பெயரை மாற்றுங்கள். விண்டோஸ் சாதாரணமாகப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து விடும். விண்டோஸ் 11-இல் வியூ மெனுவில் ஷோ என்பதைக் கிளிக் செய்து, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்வு செய்தால் .பிஒய் என்பதும் தெரியும்.

3. போல்டரில் __பைகேஷ்__ என்று ஒரு துணை போல்டர் தானாக வந்திருக்கும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். அடுத்த முறை வேகமாக இம்போர்ட் செய்வதற்காகப் பைத்தான் சேமித்து வைப்பது அது. அழித்தாலும் மறுபடியும் உருவாகும். பழைய பைத்தான் 2-இல் இந்த பைல்கள் புரோகிராமின் பக்கத்திலேயே இருக்கும். மூல பைலை அழித்த பிறகும் தொல்லை தரும். 2011-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து அந்தத் தொல்லை தீர்ந்தது.

4. ஐடிலை மூடிவிட்டு மறுபடியும் திறந்து ஓட்டுங்கள்.

எந்தப் பெயர்களைத் தவிர்க்க வேண்டும்? ரேண்டம், டர்ட்டில், ஈமெயில், காலண்டர், ஸ்ட்ரிங், கோட், காப்பி, க்யூ, டோக்கன், டேட்டைம், ஸ்டாடிஸ்டிக்ஸ், டெஸ்ட், சிஎஸ்வி ஆகியவை அடிக்கடி மாட்டிக் கொள்பவை. முழுப் பட்டியல் வேண்டுமானால், பைத்தான் 3.10 முதல் சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து "பிரிண்ட்(சிஸ்.எஸ்டிடிலிப்_மாட்யூல்_நேம்ஸ்)" என்று கொடுங்கள். சுமார் 300 பெயர்கள் வரும். எஸ்டிடிலிப் என்பதை எஸ், டி, டி, எல், ஐ, பி என்ற ஆறு எழுத்துகளாக டைப் செய்ய வேண்டும். முதல் டி டீ என்ற பானத்தின் பெயரில் வருவது, இரண்டாவது டி டாக் என்ற நாயின் பெயரில் வருவது.

இத்தனையும் நினைவில் வைத்துக் கொள்ள முடியாது என்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி. பைல் பெயரில் ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லையோ பாட எண்ணையோ சேர்த்து விடுங்கள். டர்ட்டில்.பிஒய் என்பதற்குப் பதில் ஆமை_சதுரம்.பிஒய் என்று வையுங்கள். ஸ்டாண்டர்டு லைப்ரரியில் ஆமை கிடையாது. இனியும் வரப் போவதில்லை!